லேட் பார்சல்ஸ் பாட்டில் விட்டுப்போன நாலு வரி

மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன் போட்டுக் கொடுக்கிற டிரங்க் ஆபரேட்டராக நான் சேர்ந்தது எண்பத்திரண்டில். வேலை சுலபமாகச் சொல்லிவிடக் கூடியது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் பேசும், பம்பாய் பேசும், கோவில்பட்டி பேசும். நடுவில் மழை கொட்டுகிற மாதிரி இரைச்சல் இருக்கும். அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து மனிதக் குரலைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். எனக்கு அது நன்றாக வந்தது. "ஜெயக்கொடிக்குக் காது நாய்க்காது" என்று பக்கத்துப் போர்டில் உட்காரும் விஜயக்கா சொல்வாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

அந்தக் காதினால்தான் இந்தப் பாட்டு விவகாரமும் வந்தது.

எண்பத்து நாலில், மழை ஓய்ந்திருந்த ஒரு கார்த்திகை மாதம், என்னை ஒரு வாரம் வெளிநாட்டுக் கால் புக் செய்கிற கவுண்டரில் போட்டிருந்தார்கள். கோயில் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் அங்கேதான் வந்து காத்திருப்பார்கள். ஜூலி என்று ஓர் இங்கிலீஷ் பெண் வந்தாள். கண்ணெல்லாம் மஞ்சள். ஊரில் இருக்கும் அம்மாவோடு பேச வேண்டும் என்றாள். லைன் கிடைக்கவில்லை. பெஞ்சிலேயே சுருண்டு படுத்துவிட்டாள். நான் பம்பாய்க்குத் திரும்பத் திரும்ப அடித்து, அங்கே இருந்த ஆபரேட்டரைக் கெஞ்சி, ஒருவழியாகச் சாயந்தரம் லைன் வாங்கிக் கொடுத்தேன். அம்மாவிடம் பேசி அழுதுவிட்டு வந்தவள், பையைத் துழாவி ஒரு கேசட்டை எடுத்து என் கையில் வைத்தாள். "என் சித்தப்பா மகனுடைய சிநேகிதர்கள் பாடியது. கடையில் கிடைக்காது. நீ வைத்துக்கொள்" என்றாள்.

அட்டையில் படம் இல்லை. டைப் அடித்து ஜெராக்ஸ் எடுத்த ஒரு காகிதம். மேலே "தி லேட் பார்சல்ஸ்" என்று குழுவின் பெயர். தாமதமாக வந்த பார்சல்கள். எங்கள் தபால் தந்தி இலாகாவைக் கேலி செய்கிற மாதிரி ஒரு பெயர். கீழே யார்க்ஷயரில் ஒரு வீட்டு விலாசமும் போன் நம்பரும்.

அதுவரைக்கும் எனக்குப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டுத்தான். டீக்கடையில், கல்யாண வீட்டு மைக் செட்டில், சிலோன் ரேடியோவில் கேட்டது. இங்கிலீஷ் பாட்டு என்று பெரிதாக எதுவும் தெரியாது. துபாயில் இருந்த அண்ணன் சின்னான் அனுப்பிய டூ-இன்-ஒன், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி, வீட்டில் இருந்தது. அதில் போட்டுக் கேட்டேன். கேசட் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து நிறுத்திவிட்டேன். பாடுவதற்கு முன்னால் யாரோ இருமுகிறார்கள். கிட்டார் தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி கத்துகிறது. பாடுகிறவனுக்குக் குரலே இல்லை. பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடுகிறவன் மாதிரி பாடுகிறான்.

என் அப்பா, நாங்கள் அய்யா என்போம், வாசலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். "என்னத்தா, பெட்டிக்குள்ள எலி கிலி மாட்டிக்கிருச்சா?" என்றார்.

ஆனால் இரைச்சல் என்றால் எனக்கு விட்டுவிட முடியாது. அடுத்த நாள் மறுபடி போட்டேன். அதற்கடுத்த நாளும். எக்ஸ்சேஞ்சில் செய்வதைத்தான் செய்தேன். கிட்டார் கத்துவதை ஒதுக்கிவிட்டு, அடியில் அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். ஒரு வார்த்தை பிடிபட்டது. பிறகு ஒரு வரி. ஒரு மாதத்துக்குள் இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டு முழுசாகப் பிடிபட்டுவிட்டது.

அது மூடிப்போன மில்லைப் பற்றிய பாட்டு. "சங்கு ஊதவில்லை, ஆனாலும் எனக்கு விழிப்பு வந்துவிட்டது" என்று ஆரம்பிக்கும். மதுரைக்காரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மில் சங்கை வைத்துத்தான் இங்கே பாதி ஊர் அடுப்பு பற்ற வைக்கிறது. பாட்டில் ஊர் முழுக்க அந்த நேரத்துக்கு எழுந்துகொள்கிறது. எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. கிட்டார் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருக்கும். திடீரென்று நின்றுவிடும். டிரம் மட்டும் மெதுவாக ஓட, அவன் நாலு வரி பாடுவான். அம்மா ரொட்டி நறுக்குகிறாள். அப்பா பூட்ஸுக்குக் கயிறு கட்டுகிறார். கதவைத் திறக்கிறார், நிற்கிறார். போக இடமில்லை. அதற்கப்புறம் எல்லாக் கருவிகளும் ஒன்றாக வந்து விழும்.

சினிமாப் பாட்டில் சோகம் என்றால் ஐம்பது வயலின் வந்து நமக்குப் பதிலாக அழுதுவிடும். இங்கே யாரும் அழவில்லை. ஒருவன் நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். எனக்கு அது பிடித்துப்போயிற்று. குரல் நல்ல குரல் இல்லை என்பதும் பிடித்துப்போயிற்று. இரண்டாவது பாட்டில் ஓர் இடத்தில் அவன் மேலே போகப் பார்த்து, போக முடியாமல் குரல் பிசிறிவிடும். அதைத் திரும்பப் பாடித் திருத்தியிருக்கலாம், அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பிசிறுக்காகவே அந்தப் பாட்டைக் கேட்பேன்.

இந்த மாதிரி இன்னும் வேண்டும் என்று ஆசை வந்தது. எங்கே போய்க் கேட்பது? டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் மலையாண்டி அண்ணன் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். காலி கேசட் வாங்கி, வேண்டிய பாட்டுகளைச் சொன்னால் பதிந்து தருவார். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேசட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"தங்கச்சி, இதக் காசு குடுத்தா கேக்குறாங்க?"

"நான் கேக்குறேன்ல."

"அதுஞ் சரிதான். இந்தா, லாட்ஜுல தங்கியிருக்க வெள்ளக்காரப் பயலுக நம்ம கடைக்கு வாரானுக. நாதஸ்வரம் பதிஞ்சு குடுன்னு கேப்பானுக. பதிலுக்கு அவன் கையில இருக்கத நாம பதிஞ்சுக்கிருவோம். ஒனக்கு ஒரு காப்பி, எனக்கு ஒரு காப்பி."

அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மூன்று பெண்கள் மட்டும் வாசிக்கிற ஒரு குழு வந்தது. கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொண்டு ஆறு மாதம்கூட ஆகியிருக்காது என்று தோன்றும். ஆனால் யாருக்கும் பயப்படாமல் வாசித்தார்கள். ஆர்கன் வைத்துக்கொண்டு முணுமுணுவென்று பாடுகிற ஒருவர் வந்தார். அவரை மத்தியானம் கேட்டால் தூக்கம் வரும், அதிகாலையில் கேட்டால் வேலைக்குப் போகவே மனசு வராது. அமெரிக்காவில் காலேஜ் படிக்கிற பையன்கள் ஒரு குழு. அவர்கள் பாடுவதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபட்டதில்லை. பிறகு ஓர் அமெரிக்கனே கடைக்கு வந்தபோது கேட்டேன். எனக்கும் புரியாது, யாருக்கும் புரியாது என்றான். அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

விஜயக்காவுக்கு ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போட்டுக் காட்டினேன். அவள் பெரிய சங்கீதக் குடும்பம். கண்ணை மூடிக்கொண்டு, கையில் தாளம் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டாள்.

"சுருதியே சேரலையேடி. யாருமே சொல்லலியா அவாளுக்கு?"

"சொல்லியிருப்பாங்க அக்கா. கேட்டிருக்க மாட்டாங்க."

"அது தெரியறது" என்று டிபன் பாக்ஸை மூடினாள்.

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எங்கள் வீடு சமயநல்லூரில், வயலுக்கு நடுவில். சுற்றிலும் பம்புசெட். மோட்டார்களெல்லாம் ஒன்றாக ஓடினால் வீட்டில் பல்பு சிவப்பாக எரியும்; கேசட் சுற்றுவது மெதுவாகி, பாடுகிறவன் குரல் பேய் பிடித்தவன் குரல் மாதிரி இழுபடும். அதனால் வயலுக்கு மும்முனை கரண்டு இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போடுவேன். எண்பத்தைந்து சித்திரையில் ஒருநாள் கரண்டு சொல்லாமல் வந்துவிட்டது. அய்யா ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். பக்கத்து வயல்காரர்களும் போட்டார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். மில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிரம் மட்டும் ஓடுகிற இடத்தில் குரல் கீழே கீழே இறங்கி, கொரகொரவென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது.

ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். டேப் உருளையில் சுற்றிச் சுற்றி உள்ளே புகுந்து, கசங்கிக் கிடந்தது. இழுக்க இழுக்க நீண்டது. ஓர் இடத்தில் நூல் மாதிரி ஆகிவிட்டது. அய்யா வந்து பார்த்தார்.

"நம்ம மோட்டார் போட்டதுனாலயா?"

"எல்லா மோட்டாரும்தாய்யா."

"ஒட்டிக்கிற முடியாதா?"

"பாக்கணும்."

அவர் டேப்பைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வயலுக்குப் போனார்.

மலையாண்டி அண்ணன் கேசட்டின் திருகுகளைக் கழற்றி, கசங்கிய இடத்தைப் பிளேடால் வெட்டி எடுத்து, இரு முனைகளையும் ஒட்டுகிற பட்டையால் சேர்த்தார். "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. இனிமே இத ஓட்டாத. காப்பி எடுத்துத் தாரேன், அதக் கேளு" என்றார். எனக்கு ஒன்று எடுத்தார். வழக்கம்போலத் தனக்கும் ஒன்று.

வீட்டில் போட்டுக் கேட்டேன். சங்கு ஊதவில்லை, எழுந்துகொண்டேன், ஊர் எழுந்துகொண்டது, கிட்டார் நிற்கிறது, டிரம் இரண்டு தட்டு தட்டுகிறது, உடனே எல்லாக் கருவிகளும் வந்து விழுகின்றன. நாலு வரியும் போய்விட்டன. ரொட்டி நறுக்குகிற அம்மா இல்லை. அப்பா இல்லவே இல்லை. எனக்குப் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடம் வரும்போது வாயால் நானே பாடிக்கொள்வேன்.

ஆனால் மலையாண்டி அண்ணன் தன் காப்பியைக் கடையில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கே பிடித்துவிட்டது. காலேஜ் பையன்கள் சிலர் கேட்டுவிட்டுப் பதிந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். அதில் மருது என்று திருநகர்ப் பையன் ஒருவன். காலேஜில் இரண்டாம் வருஷம், கையில் எதுவும் இல்லாவிட்டாலும் விரல் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் நான் கடைக்குள் நுழையும்போது அவன் அந்த மில் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். கிட்டார் நிற்கிற இடத்தில் மேஜையில் டக் டக் என்று இரண்டு தட்டு. உடனே அடுத்த அடி.

"தம்பி, அங்க நாலு வரி இருக்கு" என்றேன்.

"எங்கக்கா?"

"நீ ரெண்டு தட்டு தட்டுனியே, அங்க."

"இல்லையேக்கா. நான் நூறு தடவ கேட்டிருப்பேன். அந்த எடந்தான் டாப்பு. சட்டுன்னு வெட்டி எறங்குறானுங்கள்ல, அது வேற எந்த பேண்டும் பண்ணாததுக்கா."

"அது வெட்டி எறங்கல. எங்கய்யா மோட்டாரப் போட்டாரு."

மருது சிரித்துவிட்டான். மலையாண்டி அண்ணன், "ஆமாப்பா, நான்தான் ஒட்டுனேன்" என்று சொன்னார். அப்போதும் அவன் நம்பினது மாதிரி தெரியவில்லை. அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று அவனிடமே கேட்டேன். லீவு நாளில் லேட்டாக எழுந்துகொள்கிறவனைப் பற்றிய ஜாலியான பாட்டு என்றான். கூட இருந்த இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். நான் அந்த நாலு வரியைச் சொல்லிக் காட்டினேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற அப்பாவைப் பற்றிச் சொன்னேன். மருது மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். "நீங்க சொல்றது நல்லா இருக்குக்கா. ஆனா கேசட்டுல இல்லையே" என்றான்.

பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மதுரையில் இந்தப் பாட்டு தெரிந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். அத்தனை பேருக்கும் தெரிந்தது தப்பான பாட்டு. சரியான பாட்டு என் ஒருத்தியின் தலைக்குள்தான் இருக்கிறது. நாளைக்கு எனக்கே மறந்துபோனால்? அந்த அப்பா இருந்ததற்கு ஓர் அடையாளமும் இருக்காது. ஓர் இரவல் பாட்டுக்கு இவ்வளவு கவலையா என்று யாராவது கேட்டிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் கவலை இருந்தது.

காகிதத்தில் போன் நம்பர் இருந்தது. நான் இருந்ததோ டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

எங்கள் சூப்பர்வைசர் ஹாலாஸ்யம் சார் ரூல் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர். அவரிடம் போய் நின்றேன்.

"சார், இங்கிலாந்துக்கு ஒரு கால். என் சொந்த வேலையா."

"அங்கே யாரும்மா இருக்கா உனக்கு?"

"யாரும் இல்ல சார். ஒரு பாட்டுல சந்தேகம்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டார். "பப்ளிக் மாதிரி புக் பண்ணு. பணத்தைக் கட்டு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் போர்டு காலியா இருக்கும். சந்தேகத்தைச் சுருக்கமா கேளு."

அந்த ஞாயிற்றுக்கிழமை விஜயக்காதான் போர்டில் இருந்தாள். நான் வெளியே பூத்தில் நின்றேன். அவளே மெட்ராஸைப் பிடித்து, மெட்ராஸ் பம்பாயைப் பிடித்து, பம்பாய்ப் பெண் ஒருத்தி, "மதுரை, பேசுங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னாள். எத்தனையோ பேருக்கு லைன் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு லைன் வந்தது அன்றைக்குத்தான்.

வயசான ஓர் அம்மா எடுத்தாள். லேட் பார்சல்ஸ் என்றேன். அந்தப் பார்சல் ஆபீஸ் இங்கே இல்லை, நம்பர் தப்பு என்றாள். பாட்டு, கேசட், மில், சங்கு என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். இந்தியாவிலிருந்து பேசுகிறேன் என்றேன். அவள் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு, "டெரெக்! டெரெக்!" என்று மாடியைப் பார்த்துக் கத்துகிற சத்தம் கேட்டது.

ஓர் ஆள் வந்து ஹலோ சொன்னார். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குரல்தான். பஸ்ஸில் சண்டை போடுகிறவனின் குரல்.

அவர் முதலில் இது யாரோ நண்பர்களின் விளையாட்டு என்று நினைத்தார். ஜூலியின் பெயரைச் சொன்ன பிறகுதான் நம்பினார். குழு கலைந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றார். இப்போது பெயிண்ட் கடையில் வேலை. கேசட் ஏதாவது மிச்சம் இருக்குமா, எனக்கு ஒன்று வேண்டும் என்றேன். ஒன்றும் இல்லை, மூல டேப்பின் மேலேயே வேறு யாரோ பதிந்துவிட்டார்கள், என்னிடம்கூட ஒரு காப்பி கிடையாது என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அப்படியானால் அந்த நாலு வரியையாவது சொல்லுங்கள், அது என்னுடைய டேப்பில் அறுந்துவிட்டது என்றேன். எந்த நாலு வரி என்று கேட்டார். டிரம் மட்டும் ஓடுகிற இடம் என்றேன்.

"அது எனக்கு ஞாபகம் இல்லை" என்றார். "அப்பா செத்த பிறகு மேடையில் அந்த வரிகளை விட்டுவிட்டுத்தான் பாடினோம். அப்படியே மறந்துபோயிற்று."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பம்பாய்ப் பெண் நடுவில் வந்து, மூன்று நிமிஷம் ஆகிவிட்டது, நீட்டிக்கட்டுமா என்று கேட்டாள். நீட்டியுங்கள் என்றேன். பிறகு, வேறு வழியில்லாமல், பூத்தின் கதவை நன்றாகச் சாத்திக்கொண்டு, அவருடைய பாட்டை அவருக்கே பாடினேன். என் இங்கிலீஷ் சமயநல்லூர் இங்கிலீஷ். அம்மா ரொட்டி நறுக்குகிறாள். அப்பா பூட்ஸுக்குக் கயிறு கட்டுகிறார். கதவைத் திறக்கிறார், நிற்கிறார். போக இடமில்லை.

கடைசி வரியில் அவர் என்னை நிறுத்தினார்.

"இல்லை. போக இடமில்லை என்று நான் எழுதவில்லை."

"அப்படித்தான் கேட்கிறது."

"இல்லையில்லை. இப்போது ஞாபகம் வருகிறது. அது 'நோவேர்' இல்லை. 'நௌ' தனி, 'வேர்' தனி. இனி எங்கே போக? அது ஒரு கேள்வி. அப்பா அப்படித்தான் கேட்டார். மில் மூடின மறுநாள் காலையில், பூட்ஸெல்லாம் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்."

பக்கத்தில் அவருடைய அம்மா என்னவோ சொன்னாள். அவர் ரிசீவரை மூடிக்கொண்டு அவளோடு பேசினார். திரும்ப வந்து, "அம்மா சொல்கிறாள், அவர் கேட்டது சரி, ஆனால் அன்றைக்கு அவள் ரொட்டி நறுக்கவில்லையாம், கஞ்சிதான் காய்ச்சினாளாம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் அந்த நாலு வரியையும் தானே ஒரு தடவை பாடினார். கிட்டார் இல்லை, டிரம் இல்லை. லைனின் இரைச்சல் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மேலே போகிற இடத்தில், இரண்டாவது பாட்டில் பிசிறுகிற மாதிரியே, குரல் பிசிறியது. பாடி முடித்ததும், "உன்னிடம் இருப்பதில் ஒரு காப்பி அனுப்புவாயா? அம்மா கேட்க வேண்டும் என்கிறாள்" என்றார். அனுப்புகிறேன் என்றேன். பம்பாய்ப் பெண் அதற்கப்புறம் நடுவில் வரவே இல்லை. நாங்களாகத்தான் வைத்தோம்.

வெளியே வந்தால் விஜயக்கா ஹெட்செட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டீங்களா?"

"கேக்கப்படாதுதான். கேட்டுட்டேன்" என்றாள். "சுருதி இன்னும் சேரலதான். ஆனா அந்தக் கடைசி வரி கேள்வின்னு தெரிஞ்சப்பறம், அப்படித்தான் பாடணும் போலருக்கு." சொல்லிவிட்டு அடுத்த காலுக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் மலையாண்டி அண்ணன் கடையில் நடந்ததையெல்லாம் சொன்னேன். மருதுவும் இருந்தான். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான். அவனுக்கு நாலு வரி இருந்தது என்பதைவிட, பாட்டுக்காரரோடு நான் பேசினேன் என்பதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

"அப்ப அந்த ஆளுக்கு என்னத்த அனுப்புறது? ஒட்டுப் போட்டதத்தான் அனுப்பணும். அவுக அப்பா பாட்டுல அவுக அப்பா இருக்க மாட்டாரு" என்றேன்.

மலையாண்டி அண்ணன் மைக்கை எடுத்து டேப் டெக்கில் செருகினார். "ஏன் தங்கச்சி, நீ பாடேன்" என்றார்.

"நானா?"

"ஒட்டு வரைக்கும் ஓட்டி நிப்பாட்டுறேன். மைக்குல நீ நாலு வரி பாடு. அப்பறம் மிச்சத்த ஓட்டுறேன். நடுவுல சேந்துக்கிரும்."

"அது வெள்ளக்காரன் பாட்டுண்ணே."

"அந்த வெள்ளக்காரனுக்கே நீதான சொல்லிக் குடுத்த."

ஷட்டரைப் பாதி இறக்கினோம். வெளியே ரிக்‌ஷா மணி கேட்டுக்கொண்டேதான் இருந்தது. டிரம்முக்கு என்ன செய்வது என்று தேடினோம். மருது ஒரு காலி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, அதன் மேல் கைக்குட்டையை விரித்து, விரலால் தட்டிப் பார்த்தான். சத்தம் ஒத்து வந்தது. முதல் தடவை நான் சீக்கிரம் ஆரம்பித்துவிட்டேன். அடுத்த தடவை யாரோ, "அண்ணே, காலி கேசட் இருக்கா?" என்று ஷட்டருக்குக் கீழே தலையை நீட்டினார். அதற்கடுத்த தடவை சரியாக வந்தது. அந்தக் கடைசி வரியைக் கேள்வியாகவே பாடினேன். பாடும்போது வாசலில் நிற்கிற ஆள் எனக்கு நன்றாகத் தெரிந்தார். பூட்ஸ் மட்டும் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

திரும்பப் போட்டுக் கேட்டோம். இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேர் வாசித்துக்கொண்டே வருகிறார்கள், நிற்கிறார்கள். பிஸ்கட் டின் தட்டுகிறது. மதுரை மேற்குப் பக்கத்துப் பெண் ஒருத்தி பாடுகிறாள். மறுபடி அவர்கள் வந்து விழுகிறார்கள். ஒட்டு தெரியத்தான் செய்தது. மருது இன்னொரு தடவை போடச் சொன்னான். மூன்றாம் தடவை கேட்டுவிட்டு, "இது லேட்டா எந்திரிக்கிறவன் பாட்டு இல்லக்கா" என்றான்.

அந்தக் காப்பியைப் பதிவுத் தபாலில் யார்க்ஷயருக்கு அனுப்பினேன். அதற்கப்புறம் கடையில் யார் கேட்டாலும் மலையாண்டி அண்ணன் அதைத்தான் பதிந்து கொடுத்தார். சிலருக்குப் பழசுதான் பிடித்தது. வெட்டி இறங்குகிறதே, அந்த அழகு இதில் இல்லை என்றார்கள். அவர்களுக்குப் பழசையே கொடுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஓர் அட்டை வந்தது. டெரெக்கின் அம்மா எழுதியது, நாலைந்து வரி. கேசட் வந்தது, அடுப்படியில் வைத்துக் கேட்கிறேன், உன் குரல் சின்னப் பெண் குரலாக இருக்கிறது, டிரம் வாசித்தது யார், கெட்டிக்காரர் என்று எழுதியிருந்தாள். மருது அந்த அட்டையை வாங்கிக்கொண்டு போய்க் காலேஜில் எல்லோரிடமும் காட்டிவிட்டு, ஓரம் மடங்கித் திருப்பிக் கொடுத்தான்.

வீட்டில் அய்யா அட்டையில் இருந்த ராணி தலை ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அப்ப அந்தப் பாட்டைப் போடு, கேப்போம் என்றார். நார்க்கட்டிலில் உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, கிட்டார் கத்தியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நாலு வரி வந்ததும் நிமிர்ந்தார்.

"இது ஒன் கொரலுல்ல?"

"ஆமாய்யா."

"என்ன சொல்லுற அதுல?"

சொன்னேன். மில் மூடிவிட்டார்கள், மறுநாள் காலையில் அந்த அப்பா வழக்கம்போலப் பூட்ஸ் போட்டுக்கொண்டார், கதவைத் திறந்து நின்று, இனி எங்கே போக என்று வீட்டுக்காரர்களைக் கேட்டார்.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அய்யா கையைக் காட்டி அதை நிறுத்தச் சொன்னார்.

"அப்பறம் அந்தாளுக்கு வேற வேல கெடச்சுச்சா?"

"தெரியலையேய்யா. செத்துப்போயிட்டாருன்னு மட்டுந்தான் தெரியும்."

"அம்புட்டுத் தொலவுக்குப் போன் போட்ட, அதக் கேக்கலயா நீயி?"

"பாட்டத்தான் கேட்டேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அட்டைக்குப் பதில் எழுதுவேல்ல. எழுதுறப்ப கேளு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்.